கந்தப்பு பரியாரியாரின் கஷாயம்

சுண்டெலி நிற்கவில்லை.

மேசைமேல் இருந்த கண்ணாடிச் சாடிக்குள் அது நீந்திக்கொண்டேயிருந்தது. சுவர் வழுக்கியது, அடி எட்டவில்லை. ஈர மயிரின் நாற்றமும், குசினியில் வற்றிக்கொண்டிருந்த கஷாயத்தின் கசப்பும், மழைக்கு முந்திய பின்னேரத்தின் புழுக்கத்தில் கலந்து நிற்க, சாடியின் விளிம்பில் நீர் மோதும் சளக், சளக் என்ற சிற்றொலியை முத்துக்குமாரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாப்பது நிமிஷம், அப்பா." பாலேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். "மருந்து குடியாதவை மூண்டு நிமிஷத்திலை கையை விட்டிட்டுச் சும்மா மிதந்தினம். இவருக்குக் களைப்பே இல்லை."

"ஆற்றை மருந்து?" என்றார். யாருடைய மருந்தென்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்ற பெருமை.

குண்டுவீச்சுக்குப் பயந்து பல்கலைக்கழகத்திலிருந்து எலிக்கூடுகளை அவள் நீர்வேலி வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அவர் மறுக்கவில்லை. மனம் இடிந்தவர்களை எழுப்பும் கஷாயம், நாட்டு வைத்தியரான அவருடைய தகப்பன் கந்தப்பு பரியாரியாருடையது. எலிகளிடத்திலும் அது வெல்லட்டும் என்று அவரே இலை பறித்துக் கொடுத்தார். தன் தம்பி செத்து எட்டு மாதம் வாய் திறவாதிருந்த மகள், மூன்று நாளாகச் சிரித்துப் பேசுகிறாள். அதுவும் ஆராய்ச்சி தந்த பலன் என்றே எண்ணியிருந்தார்.

"காணும். வெளியிலை எடு, பிள்ளை."

அவள் எலியைத் தூக்கித் துணியில் கிடத்தினாள். அது ஒருபக்கமாகச் சரிந்தது. விலா எழவில்லை. கண் மங்கிக் கிடந்தது.

"செத்துப்போச்சு," என்றாள். "ஆனா, பாருங்கோ."

கால்கள் அசைந்தன. தண்ணீர் இல்லாமல். சீராக.

 இதை முத்துக்குமாரு முன்பும் கண்டிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு முன், இதே வளவின் கிணற்றடியில். கஷாயம் குடித்து எழும்பி, இரவும் பகலும் ஓயாமல் நீர் அள்ளிய அக்கா மீனாம்பிகையைத் தூக்கிக் கிடத்தியிருந்தார்கள். வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். செத்தவர்களுக்குப் பெருவிரல்களைத்தான் கட்டுவார்கள். தகப்பனோ முழங்காலிலிருந்து பாதம்வரை வேட்டித் துண்டால் இறுக்கிச் சுற்றினார். பட்டுச்சேலையின் கீழே என்ன அசைந்தது என்பது தகப்பனுக்கும் அவருக்கும்தான் தெரியும்.

ஒவ்வொரு கடும் மருந்துக்கும் அதன் வேகத்தை அடக்கும் முறிவு ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தில் முறிவைத் தகப்பன் மகனின் காதில் கடைசி நேரத்தில்தான் சொல்லுவார். கந்தப்புவுக்குக் கடைசி நேரத்தில் நாக்கு எழும்பவில்லை. பரியாரியார் வீட்டில் முறிவு இல்லையென்று யாரிடம் சொல்வது? முத்துக்குமாரு சொல்லவில்லை. கொஞ்சமாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று, தொடர்ந்து காய்ச்சினார்.

"இதுக்கு முறிவு என்னப்பா? எழுதவேணும்."

"இருக்கு."

"சொல்லுங்கோவன்."

"பேந்து சொல்லுறன்."

"கெதியாச் சொல்லுங்கோ. எனக்கும் வேணும்." அவள் சிரித்தாள். "நானும் மூண்டு நாளாக் குடிக்கிறன். எலிக்குக் குடுக்கிற அளவு இல்லை, கிண்ணம் நிறைய. ஏசுவியள் எண்டு சொல்லேல்லை."

சாடியில் இப்போது எலி இல்லை. நீர் அசையவில்லை.

ஆனாலும் ஓர் ஒலி. துணி உரசும் ஒலி. மேசைக்குக் கீழே.

குனிந்தார்.

கதிரையில் இருந்த அவளுடைய இரண்டு பாதங்களும் நிலத்தில் படவில்லை. முன்னும் பின்னும். முன்னும் பின்னும். மேலே அவளுடைய கை அமைதியாக எழுதிக்கொண்டிருந்தது.

வெளியே, வாசல் படலையடியில் யாரோ செருமினார்கள். "பரியாரியார்! நான் தேவராசா. மனிசிக்கு மருந்து வாங்க வந்தனான். ஒரு கிழமையாப் படுத்த படுக்கை, ஒரு சொல்லுக் கதைக்கிறாளில்லை."

முறிவு இல்லையென்று இப்போது சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். தேவராசா திரும்பிப் போய்விடுவான். நாளை விடிய ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"நில்லும் தேவராசா." குரல் நடுங்கவில்லை. "கஷாயம் வத்தட்டும். இருந்து வாங்கிக்கொண்டு போம்."

தோளிலிருந்த சால்வையை எடுத்தார். முழந்தாளிட்டார். இரு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்தார். குளிர்ந்திருந்தன. முழங்காலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.

"ஏனப்பா அழுறியள்?" மேலிருந்து சிரிப்பு.

முடிச்சை இறுக்கினார். இன்னொன்று. அதற்குமேல் இன்னொன்று.

சால்வைக்குள் கால்கள் நீந்திக்கொண்டிருந்தன.