தண்டுக் கண்ணாடி

நிலவின் வெண்மணல் குடியிருப்பில், காலையில் பல் துலக்கும்போது எல்லோரும் தங்கள் முதுகெலும்பைப் பார்த்துக்கொள்வார்கள். குளியலறைச் சுவரில் இருக்கும் தண்டுக் கண்ணாடி சட்டையையும் தோலையும் விலக்கிவிட்டு, எலும்புகளையும் அவற்றின் நடுவே உள்ள வட்டுகளையும் காட்டும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து. தெருவில் "சாப்டாச்சா?" என்று கேட்பதற்கு முன்பே "டிஸ்க்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுவார்கள்.

காரணம் இருந்தது. நிலவில் உடம்பின் எடை ஆறில் ஒரு பங்குதான். அழுத்தம் இல்லாத வட்டுகள் தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். ஊறிய வட்டு எளிதில் கிழியும். கிழிந்த வட்டோடு பூமியின் எடைக்குள் போய் இறங்குவது ஆபத்து என்பதால், முதுகில் சிவப்பு உள்ளவர்களைப் பூமிக் கப்பலில் ஏற்றுவதில்லை.

மண்வண்டி ஓட்டும் அமல்ராஜின் கண்ணாடியில் இடுப்புப் பக்கம் ஒரு வட்டு சிவந்திருந்தது. சில மாதங்களுக்கு முன் தண்ணீர்ப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டே சட்டென்று திரும்பியதில் வந்தது. இடது இடுப்பில் தொடங்கிக் கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலித்தது. மருத்துவ இயந்திரமான செவ்வந்தி அப்போதே விளக்கிச் சொல்லியிருந்தது.

"வட்டு என்பது கொழுக்கட்டை மாதிரி. வெளியே மாவு, உள்ளே பூரணம். உங்கள் மாவில் கீறல் விழுந்து பூரணம் வெளியே வந்துவிட்டது. அது காலுக்குப் போகும் நரம்பை உரசுகிறது."

"அத உள்ள தள்ளிவிட்டுருங்களேன்."

"வேண்டியதில்லை. பெரும்பாலும் உடம்பே அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அதுவரை நடங்கள். படுத்தே கிடக்காதீர்கள். வலி தாங்கவில்லை என்றால் நரம்பருகே ஊசி போடலாம். கால் வலுவிழந்தாலோ சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ உடனே வாருங்கள், அறுவை செய்ய வேண்டும். புது வட்டு வளர்த்துப் பொருத்தும் வசதியும் உண்டு. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை."

அமல்ராஜ் நடந்தான். முதுகுக்கு எடை கூட்டும் சுமைச்சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூரைக்குக் கீழே தினமும் சுற்றிச் சுற்றி நடந்தான். மனைவி ஜெசிந்தாவும் கூடவே வந்தாள். "ஆமை கூட முந்திப் போவுது மாமா, எட்டி வைங்க" என்று சீண்டினாள். முதலில் காலில் இருந்த வலி இடுப்புக்கு ஏறியது, பிறகு காணாமலே போனது. இப்போது அவன் ஓடினான், குனிந்து செருப்பு மாட்டினான், மகளைத் தோளில் தூக்கினான். கண்ணாடி மட்டும் மாறவில்லை.

"வலி போன பிறகும் படம் மாறாமல் இருக்கலாம். கண்ணாடிக்கு வலிக்காது, உங்களுக்குத்தானே வலிக்கும்?" என்றது செவ்வந்தி.

சட்டம் கேட்டது கண்ணாடியைத்தான். ஜெசிந்தாவுக்குத் தூத்துக்குடிக் கடல் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது வர மூன்று வருடம். தகுதிச் சோதனை அறைக்குள் நுழையும்போது அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நீங்க இல்லாம நானும் புள்ளையும் போக மாட்டோம்" என்றாள். தனக்காக அவளை இங்கேயே தங்க விடக்கூடாது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சோதனை அதிகாரி தணிகாசலம் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்ற அமல்ராஜை ஒரு பார்வை பார்த்தார்.

"செவப்பு. அடுத்த ஆளக் கூப்பிடுங்க."

"சார், வலியே இல்ல சார். பாருங்க." அமல்ராஜ் குதித்தான். உட்கார்ந்து எழுந்தான்.

"உனக்கு வலிக்குதா இல்லையான்னு நான் கேட்டனாப்பா? விஞ்ஞானம் சொல்லுது. நானும் இதே கப்பல்ல லீவுக்குப் போறேன். உன்ன வழியில யாரு தூக்கிச் சுமக்கிறது?"

அமல்ராஜ் நகரவில்லை. தணிகாசலம் பொறுமை இழந்து எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார். கண்ணாடியில் இப்போது இரண்டு முதுகெலும்புகள் தெரிந்தன. ஒன்றில் ஒரு வட்டு சிவப்பு. மற்றதில் இரண்டு.

சோதிப்பவரைச் சோதிக்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. தணிகாசலம் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றதே இல்லை. வீட்டுக் கண்ணாடியிலும் அவர் துண்டைத்தான் தொங்கவிட்டிருந்தார்.

"இது யாரோடது?" என்றார் அவர்.

"ரெண்டு செவப்பு உள்ளது உங்களோடது சார்" என்றான் அமல்ராஜ், தணிந்த குரலில்.

அவருடைய கை மெதுவாக இடுப்புக்குப் போனது. "ரெண்டு நாளாவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்று முனகினார். காலையில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தவர், இப்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அறை மூலையில் நின்ற செவ்வந்தியைப் பார்த்து, "செவப்பு இருந்தாலும் வலி இல்லன்னா போலாம்ல?" என்று கேட்டார்.

"முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிவருகிறேன்."

"அப்போ விஞ்ஞானமே சொல்லிட்டுது" என்றவர், அமல்ராஜுடையது, தன்னுடையது என்று இரண்டு அனுமதிச் சீட்டுகளிலும் முத்திரை குத்தினார்.

கப்பல் கிளம்பிய அன்று தணிகாசலம் நொண்டிக்கொண்டு வந்தார். அவருடைய இரண்டு பெட்டிகளையும் அமல்ராஜ்தான் தூக்கி வந்து ஏற்றினான்.

"யாரு மாமா யாரச் சுமக்கிறது?" என்று காதுக்குள் சிரித்தாள் ஜெசிந்தா.

வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பூமி நீலமாக வளர்ந்துகொண்டிருந்தது. தணிகாசலம் அதைப் பார்க்கவில்லை. புதிதாக வாங்கிய உள்ளங்கைத் தண்டுக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் தொங்கவிட்டு, முதுகு வில்லாக வளைய, தன் வட்டுகளையே விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றும் அப்படித்தான் இருந்தார்.

"சார், கொஞ்சம் நிமிந்து உக்காருங்க" என்றான் அமல்ராஜ்.

"இருப்பா" என்றார் அவர், தலையைத் தூக்காமலே. "இங்க மூணாவதா ஒண்ணு செவக்குற மாதிரி தெரியுது."