ஆஃப் கூண்டில் ஒரு பிணம்

காலை பத்து மணி. கூண்டுக்குள் பிணம் விறைத்துக் கிடந்தது...

வெள்ளை எலி. வயிற்றில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி.

எலிகளைப் பராமரிக்கும் பெரியவரை அந்த ஆராய்ச்சிக்கூடமே 'எலியார்' என்றுதான் கூப்பிடும். அவர் பிணத்தின் காதைப் புரட்டி வளையத்தைப் படித்தார். முகம் மாறியது.

"மேடம்... கூண்டு அட்டையில ஆஃப்னு இருக்கு. காது நம்பர் ஆன் எலியோடது."

விஞ்ஞானி பக்கத்து ஆன் கூண்டைத் திறந்து ஒரு எலியின் காதைப் பார்த்தாள். ஆஃப் நம்பர்.

கணையப் புற்றுநோய்ச் செல்லின் மேல் ஒரு ரிசப்டர் உட்கார்ந்திருக்கிறது. 'வளரு' என்ற கட்டளையை வாங்கி உள்ளே கொடுக்கும் தபால்காரன். அதை உண்டாக்கும் ஜீனை ஒரு மருந்து அணைக்கும். ஆஃப். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு மருந்து அதை முடுக்கிவிடும். ஆன்.

"ரெண்டு அட்டையையும் யாரோ மாத்தியிருக்காங்க மேடம்."

"நான் லீவுல இருந்தப்ப யார் வந்தா?"

"வெளியாள் யாரும் இல்ல. ட்யூப்லைட் மாத்த உங்க அண்ணன்தான்..."

அவள் ஓடினாள்!

அண்ணன் அந்தக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன். அவருக்கும் கணையத்தில்தான் புற்று. டாக்டர்கள் கொடுத்த கெடு எட்டு வாரம். மருந்து மனிதர்களுக்கு வர எட்டு வருஷம்.

வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"அட்டையை ஏண்ணா மாத்தினே?"

அவர் மறுக்கவில்லை.

"ஆஃப் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, நீ திருடிட்டு வந்து எனக்குப் போடுவே. மாட்டினா ஜெயிலு. போற உசுருக்கு உன்னையும் இழுத்துட்டுப் போகணுமா? ஆஃப் கூண்டுல கட்டி பெருசா இருந்தா கைவிட்டுடுவேன்னு நினைச்சேன்."

அவள் அண்ணனின் கையில் ஊசி போட்ட இடத்தைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் சத்து ஊசின்னு ஒண்ணு போட்டேனே..."

"ஆமா."

"அது சத்து ஊசி இல்லண்ணா. எந்தக் கூண்டுல எலி நல்லா இருந்துதோ, அந்த மருந்து..."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'ஆன்' மருந்தா?"

தலையசைத்தாள்.

"சரி, இப்ப ஆஃபைப் போட்டுடேன்."

"உதவாத மருந்துன்னு நேத்தே சிங்க்ல கொட்டிட்டேன். மறுபடி தயாரிக்க மூணு மாசம் ஆகும்."

எட்டு வாரம்... மூணு மாசம்...

இத்தனை வருஷப் படிப்பு இருந்தும் அவளுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அழுதாள்.

அண்ணன் அவள் தலையைத் தடவினார்.

"முப்பது வருஷமா வயரிங் பண்றேன் பாப்பா. ஒரு வீட்டுலகூட சுவிட்சைத் தலைகீழா மாட்டினதில்ல. என் உடம்புல மட்டும்தான் மாட்டியிருக்கேன்."