அமாவாசைக்கு அமாவாசை

“வழியில நிக்காதீங்க சார்… ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. சாரல் அடிக்குது.”

குரல்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் கண்கள்.

ஸுதர்சன் பழைய சர்ச்சின் வாசலில் சொட்டச் சொட்ட நின்றான். போர்வை சுற்றி, அதன்மேல் பாலிதீன் சுற்றிய வீணை இரண்டு கைகளிலும் கிடந்தது, தூங்கும் குழந்தையைத் தூக்கி வந்தவன் மாதிரி. கார்த்திகை மழை முதுகில் அறைந்தது. அவனுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. இரண்டு வருஷமாக எதுவுமே பொருட்டாக இல்லை.

கதவைச் சாத்த ஓடி வந்தவள் அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள். பெரிய கண்கள். அதட்ட வந்தவை பாதி வழியில் மலர்ந்துவிட்டன.

“அட… வீணை வாத்தியாரா? டீச்சர், வாத்தியார் வந்துட்டாரு.”

“நான் வாத்தியார் இல்ல.”

“எவ்ளோ நேரமா காத்துக்கினு இருக்கோம் தெரியுமா சார்? மெட்ராஸ்ல இருந்து வர்றதுன்னா இப்படியா?”

“நான் சின்ன காஞ்சிபுரம்.”

“சின்ன காஞ்சிபுரத்துல இருந்து வர்றதுக்கா இவ்ளோ நேரம்?”

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு உயரமான மரக்கூரைவரை போய், அங்கிருந்த புறாக்களை எழுப்பிவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்தது.

வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்துக் கல் கட்டடம். சபையார் பக்கத்துத் தெருவில் பெரிதாகப் புது சர்ச் கட்டிக்கொண்டு போன பிறகு, இதை ஊரார் ஆடவும் பாடவும் வரையவும் விட்டுவிட்டார்கள். ரிடையரான தலைமையாசிரியை ஞானசுந்தரி டீச்சர் நடத்திவந்தார். வாத்தியம் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம் என்று கேட்டில் எழுதிப் போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் ஸுதர்சன் வந்தான்.

“என் மனைவியோடது,” என்றான் டீச்சரிடம். “அவ இறந்துட்டா. இங்க யாராவது வாசிக்கட்டும்.”

அதட்டினவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீணையை வைத்துவிட்டு அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் யாரோ ஆசையாக ஒரு தந்தியைத் தட்டிப் பார்த்தார்கள். ஆட்டோ குலுக்கலில் சுருதி கலைந்திருந்தது. அதை மட்டும் அவனால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தான். தந்திகளை முறுக்கும் பிருடைகளைத் திருகினான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, சுருதி சேர்க்க மட்டும் தெரியும். ஸ்ரீவல்லி பாட உட்காரும்போதெல்லாம் அவன்தான் சேர்த்துக் கொடுப்பான். அவள் குரல் இன்னும் காதுக்குள் இருந்தது. தந்தியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான்.

“அப்படியே மீட்டிக்கினு இருங்க சார்,” என்றாள் அந்தப் பெண். கண்ணை மூடி ஒரு தேவாரம் எடுத்தாள். சர்ச்சில் தேவாரமா என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. டீச்சரே தொடையில் தாளம் போட்டார். குரல் கல் சுவர்களைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. வெளியே மழை… உள்ளே அவள்…

பாட்டு முடிந்தபோது ஸுதர்சனுக்குக் குளிர்ந்தது. சட்டை நனைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

“அடுத்த அமாவாசைக்கு வந்து சுருதி சேர்த்துக் குடுப்பீங்களா சார்?”

“ஏன் அமாவாசை?”

“அன்னிக்குத்தானே தறி நிக்கும்? மத்த நாள்ல எங்கள யாரு விடுவாங்க?” அவள் கண்கள் சிரித்தன. “இந்த ஊர்க்காரர்னு வெளிய சொல்லாதீங்க சார்.”

அவள் பெயர் ஏலவார்குழலி. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சபாபதியின் மகள். எல்லோரும் குழலி என்றார்கள். அவன் மனதுக்குள் முழுப் பெயரையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான்.

*

ஊரெல்லாம் பௌர்ணமியைக் கொண்டாடும். ஸுதர்சனுக்கு நிலா வளர்ந்தால் எரிச்சல் வந்தது. வாலாஜாபாத் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பான். இன்னும் பாதி இருக்கிறதே… எப்போது தேயும்…

“அப்பா, இந்த மாசம் அமாவாசை என்னிக்கு?”

அப்பா சக்ரவர்த்தி, படித்துக்கொண்டிருந்த பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். “தர்ப்பணம் நான்னா பண்றேன்? நோக்கு எதுக்குடா?”

“சும்மா.”

“சும்மா அமாவாசை கேட்கறவனை இப்போதான் பாக்கறேன்.”

கேட்ட நாளில் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு சர்ச்சுக்குப் போனான். சுருதி சேர்த்தான். அவள் பாட, மீட்டினான். மற்றபடி பேச்சில்லை. டோலக் வாசிக்கும் குமாரவேல் சும்மா இருக்க மாட்டான்.

“சார், ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா வரி போடுவாங்களா?”

“இல்ல.”

“பாத்தியா குழலி? இன்னிக்கு ஒண்ணுதான்.”

“அவர உடுப்பா. நீ பேசற பேச்சுக்கு அவரு ஊமையாயிடுவாரு,” என்றாள் குழலி. அவனைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் காது நுனி சிவந்திருந்தது.

ஒரு நாள் அவள் தலைமுடியில் ஜரிகைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. வண்ணக் கண்ணாடி வெளிச்சத்தில் விட்டுவிட்டு மின்னியது. சொல்லலாமா… சொன்னால் எடுத்துவிடுவாள். சொல்லவில்லை. அடுத்த அமாவாசை வரை அது அவன் கண்ணுக்குள் மினுங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் மாட்டியிருந்த ஸ்ரீவல்லியின் படத்தைக் கடக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

பங்குனியில் குழலியின் குரல் உடைந்தது. மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதி. ஏறினாள்… பாதியில் காற்று மட்டும் வந்தது. இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்க வெளியே போனாள்.

குமாரவேல் டோலக்கைக் கீழே வைத்தான். இந்த முறை அவன் முகத்தில் கேலி இல்லை.

“இன்னும் எத்தினி நாளைக்கு சார் அந்தப் பொண்ணு தொண்டையக் கிழிச்சுக்கணும்? அவ நாலு கட்டைல பாடறவ. நீங்க வெக்கிறது அஞ்சு.”

ஸுதர்சனின் விரல் தந்தியிலேயே நின்றது. “யாரும் சொல்லலையே.”

“சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கினா சார்.”

அத்தனை பேருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. அஞ்சு கட்டை ஸ்ரீவல்லியின் சுருதி. எந்தக் குரலுக்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்க வேண்டியவன் கேட்கவே இல்லை. இல்லாதவளுக்குச் சேர்த்து, இருப்பவளைப் பாட வைத்திருக்கிறான்.

வெளியே குழாயடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல.” முந்தானையில் முகம் துடைத்தாள். “மொத நாள் சுருதி சேர்த்தீங்களே… அப்போ உங்க முகத்தப் பாத்தேன். எறக்குங்கன்னு சொல்ல மனசு வரல.”

“பரிதாபமா?”

“பரிதாபம்னா ஒரு நாள் பாடுவேன் சார். இத்தினி மாசமா பாடுவாங்களா?”

 தன் மனதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு ஊரே தன்னைப் பார்த்து உச்சுக்கொட்டியதுபோல் உடம்பு கூசியது. “எனக்காக யாரும் கஷ்டப்பட வேண்டாம்,” என்றான்.

அவள் கண்களில் ஏதோ அணைந்தது.

“நல்லது சார். நானும் ஒண்ணு சொல்லிடறேன். அவங்க எடத்துல ஒக்காந்து பாடிட்டேன். அவங்க எடத்துலயே இருந்துட என்னால ஆவாது.”

*

சித்திரை அமாவாசைக்கு அவன் போகவில்லை. வைகாசிக்கும் போகவில்லை. இரண்டு நாளும் மொட்டை மாடியில் நின்றான். நிலா இல்லாத வானம். அதன் கீழே பிள்ளையார்பாளையம் எந்தத் திசை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வான்.

ஒரு வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஞானசுந்தரி டீச்சர் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“என்னப்பா, வீணையைக் குடுத்துட்டு ஆளே காணோம்? குழலியும் போன அமாவாசை வரல.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கென்ன? ஆரணியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சாம். வர்ற ஞாயித்துக்கிழமை பதில் சொல்றோம்னு சபாபதி சொல்லியிருக்கார்.” டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். “அவ சரின்னும் சொல்லலையாம், வேணாம்னும் சொல்லலையாம். இந்த ஊர்ல வாய் பேசாத வியாதி பரவுது போல.”

அவனுடைய பஸ் வந்தது. ஏறவில்லை.

“டீச்சர்… சர்ச் சாவி வேணும்.”

சர்ச் காலியாக இருந்தது. பலகை ஒன்றில் பிள்ளைகள் வரைந்த யானைகள் காய்ந்துகொண்டிருந்தன. வீணையின் உறையை எடுத்தான். பிருடையைப் பிடித்தான். கை நகரவில்லை. இதைத் தளர்த்தினால் காதுக்குள் இருக்கும் அந்தக் குரல் போய்விடுமோ… அதுதான் பயம் என்று இப்போது புரிந்தது. இத்தனை நாள் அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்திருந்தான்.

“ஸ்ரீ…” என்றான். அவ்வளவுதான்.

திருகினான். தந்தி இறங்கியது. ஒவ்வொன்றாக இறக்கி, நாலு கட்டையில் நிறுத்தி, மீட்டினான். தாழ்ந்த, நிதானமான நாதம் கூடம் முழுக்க நிறைந்தது. ஸ்ரீவல்லியின் குரல் எங்கும் போகவில்லை. இடம் மாறாமல் அங்கேயே இருந்தது. அவன் அழுதான். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

முகம் கழுவிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தான்.

*

தெருவெல்லாம் தறிச் சத்தம். சபாபதி வீட்டுக்குள், குழித்தறியில் கால் விட்டுக் குழலி உட்கார்ந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் சேலையின் உடல், அரக்கில் கரை. கரைக்கு வேறு நிறம் என்றால் ஒருவரால் நெய்ய முடியாது. அதனால் வலப்பக்க ஓரத்தில் சபாபதி உட்கார்ந்து, ஒவ்வொரு இழைக்கும் கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்,” என்றார். “இன்னிக்கு அமாவாசை இல்லீங்களே.”

“தெரியும். குழலிகிட்ட பேசணும். நீங்களும் இருக்கலாம்.”

“என் வீட்டு தறியில நான் இருக்கறதுக்கு உங்க உத்தரவு வேணுமா சார்?”

குழலி நிமிரவில்லை. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது.

“வீணைய நாலு கட்டைக்கு எறக்கிட்டேன்,” என்றான்.

“சந்தோஷம். யாருனா பாடுவாங்க.”

“நீ பாடணும்.”

“பாடறதுக்கு ஆள் தேடிக்கினுதான் வந்தீங்களா?”

“இல்ல.”

நாடா நின்றது.

ஸுதர்சன் மூச்சை இழுத்தான். வகுப்பைத் தவிர வேறெங்கும் அவன் இவ்வளவு பேசியதில்லை.

“ஸ்ரீவல்லிய நான் மறக்கல. மறந்துடுவேன்னு சொன்னா பொய். ஆனா அவளுக்குப் பதிலா உன்னைத் தேடி வரல. அன்னிக்கு நீ பரிதாபப்பட்டேன்னு கோபம் வந்துது. வீட்டுக்குப் போய் யோசிச்சேன்… பரிதாபம் மட்டும்தானோன்னு பயந்துதான் அந்தக் கோபம். காலைல எழுந்ததும் உன் ஞாபகம் வருது. நாள் முழுக்க இருக்குது. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேக்க வந்தேன்.”

சபாபதி கரை நாடாவைக் கீழே வைத்தார்.

“எம் பொண்ண ரெண்டாந்தாரமா குடுக்கற அளவுக்கு…” என்று ஆரம்பித்த சபாபதி நிறுத்திக்கொண்டார். “நீங்க வேற, நாங்க வேற. உங்க வீட்ல தெரியுமா?”

“இன்னிக்கு சொல்வேன். அப்பா கத்துவார்.”

“நானும் கத்துவேன் சார்.”

“கத்துங்க.”

சபாபதி மகளைப் பார்த்தார். அவள் தறியில் விரிந்திருந்த பாவு நூலின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தாள். 

“ஆரணிக்காரங்க கேட்டப்போ வாயத் தெறக்கல நீ,” என்றார். “இவரு கேட்டுக்கினு நிக்கிறாரு. இப்பனா தெறம்மா.” துண்டை உதறித் தோளில் போட்டார். “நான் டீ குடிச்சுட்டு வர்றேன்.”

வேலை நாளில், பாதி இழையில், அவர் தறியை விட்டு எழுந்து அவள் பார்த்ததே இல்லை. அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒக்காருங்க,” என்றாள் கடைசியில்.

சபாபதி இருந்த இடத்தில் உட்கார்ந்தான். அவன் கை தானாக நாடாவுக்குப் போனது.

“தொடாதீங்க. பட்டு.”

கையை மடிக்குத் திருப்பினான்.

“அவங்க போட்டோ வீட்ல எங்க மாட்டி இருக்குது?”

“கூடத்துல.”

“அங்கயே இருக்கணும். எனக்காகக் கழட்டக் கூடாது. ஆனா அவங்க மாதிரி பாடு, அவங்க மாதிரி காபி போடுன்னு ஒரு நாள் சொன்னாலும்… நேரா இங்க வந்துடுவேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“வேற எதுனா கேக்கணுமா?”

“உனக்கு…” என்றான். 

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் முழுசாக அவன்மேல் விழுந்தன. நிறைந்திருந்தன, சிரிக்கவும் செய்தன.

“மாசத்துக்கு ரெண்டு வார்த்தை பேசுவீங்க. அத எடுத்துக்கினு வந்து, இந்தத் தறியில ஒக்காந்து, மாசம் பூரா சொல்லிப் பாத்துக்கினு இருப்பேன். இல்லன்னு சொல்வீங்களே, அதுகூட. அடுத்த அமாவாசைக்குள்ள தீந்துடும்… அப்புறம் வெறுங்கையோட காத்துக்கினு இருப்பேன்.” குரல் இறங்கியது. அவளுடைய சொந்தச் சுருதிக்கே இறங்கியது. “எனக்கும் நீங்கதான். வேற எப்படி சொல்றதுன்னு தெரியல.”

வாசலில் யாரோ இருமினார்கள். சபாபதி. உள்ளே தறிச் சத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டார். வரவில்லை. செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.