வற்றாத கிணறு

நம் வரலாற்றில் ஒட்டகங்கள் சுமையோடு பாலைவனம் கடந்தது வெகு பிந்தித்தான். இந்தக் கதையில் அவை முந்திக்கொண்டன. நைல் கரையில் பெரிய பிரமிடு பாதி எழும்பியிருந்தபோதே, சாம்பிராணி மூட்டைகளோடு அரேபியாவின் தைமா பக்கம் வந்துவிட்டன.

கழுதைகளில் சுமை ஏற்றிப் பிழைத்த வஹபுக்கு அதனால் வேலை போயிற்று. ஒன்பது கழுதைகளில் இரண்டை விற்க அன்று விடியும்போதே தூரத்துச் சந்தைக்குப் போய்விட்டார்.

அவர் மகள் கமிலாத் கூடாரத்தில் தனியாக இருந்தாள். அப்போது ஒரு ஒட்டகக் கூட்டம் வந்து நின்றது.

“ஏ பொண்ணு, பள்ளத்துல கிணறு இருக்காமே. தண்ணி கிடக்கா?” என்று கேட்டாள் கூட்டத்தின் தலைவி ஹக்ரு. அவள் இடுப்பிலிருந்த குழந்தை வெடித்த உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

கமிலாத் ஒட்டகங்களை முறைத்தாள். “வத்திப்போச்சு.”

“அடடா! அடுத்த கிணத்துக்கு ரெண்டு நாள் ஆகுமே.” ஹக்ரு ஒரு கை பேரீச்சம்பழத்தை நீட்டினாள். “நீயும் தண்ணியில்லாமதானே கிடக்கே? இந்தா, தின்னு கண்ணு.”

அவர்கள் போய்விட்டார்கள். கமிலாத் பழத்தைத் தின்னாமல் கீழே வைத்தாள்.

கிணற்றுக்கு ஓடினாள். தோல்பைகளை நிரப்பி நான்கு கழுதைகள்மேல் கட்டினாள். “இன்னிக்காவது அடம் பிடிக்காம நடங்கடா!” என்று கெஞ்சினாள். மூன்று நடந்தன. ஒன்றைத் தள்ளவேண்டியிருந்தது.

வெயில் சாயும்போது அவர்களைப் பிடித்துவிட்டாள். குழந்தை அழவும் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. தண்ணீர் வாயில் பட்டதும் கண் திறந்தது.

“கிணறு வத்தலை அத்தை. நான் பொய் சொன்னேன். உங்க ஒட்டகத்தாலதான் எங்க கழுதைக்கு வேலை போச்சு.”

ஹக்ரு குழந்தையை மடியில் கிடத்தினாள். அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். கிணற்றுக்கு இறங்கும் பாறைச் சரிவைக் கண்டதும் ஒட்டகங்கள் இறங்க மறுத்துவிட்டன.

“எங்க கழுதைங்க இறங்கும். தண்ணிய நான் ஏத்தித் தரேன்” என்றாள் கமிலாத்.

பொழுது முழுக்கக் கழுதைகள் ஏறி இறங்கின.

“இனிமே இந்த வேலை உங்க கழுதைங்களுக்குத்தான்” என்றாள் ஹக்ரு.

மாலையில் வஹபு வந்தார், வெறும் கயிற்றோடு. விற்ற இரண்டு கழுதைகளும் எட்டாத ஊருக்குப் போய்விட்டிருந்தன.

அடுத்த வருடம் ஒட்டக மணி கேட்டதும் கமிலாத் எதிரே ஓடினாள். “அத்தை, கிணத்துல தண்ணி நிறைய இருக்கு!”

ஹக்ரு சிரித்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு தானே சரிவில் இறங்கிப் போய், கிணற்றை எட்டிப் பார்த்தாள்.