நான்காவது ஒலிப்பதிவு

“பொண்டாட்டி சொல்றது சாட்சியில்லையாங்க. நாலேகால் மணிக்கு அவர் வீட்ல இருந்தாரு. மோர் கரைச்சுக் குடுத்ததே நான்தான்” என்றாள் பூர்ணிமா.

தஞ்சாவூர் கீழவாசலில் சபிஹாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு அவள் வந்தபோது காலை ஒன்பதரை. கணவன் மருதையன் மிருதங்கக் கலைஞன். சினிமா இசையமைப்பாளர் ராகவேந்திராவைக் கொன்றதாக முந்தைய நாள் இரவே அவனைப் பிடித்துப் போயிருந்தார்கள். மாலைக்குள் கோர்ட்டில் நிறுத்திவிடுவார்கள்.

சபிஹாவின் உதவியாளர் தியாகராசன் தண்ணீர் நீட்டினார். முப்பது வருடம் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு என்றால் இன்னும் அவருக்குக் கால் தரையில் நிற்காது.

“முதல்லேருந்து சொல்லும்மா. ஒண்ணும் விடாதே” என்றார்.

ராகவேந்திரா தொண்ணூறு படங்களுக்கு இசையமைத்தவர். ஐந்து வருடங்களாகச் சினிமாவை விட்டுவிட்டு மேடை நாடகங்களுக்கு இசை, தனி ஒலித்தட்டுகள் என்று திருவையாறு பக்கம் வந்து தங்கியிருந்தார். ஒரு பழைய நெல் கிடங்கை வாங்கி ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். நேற்று அங்கே பதிவு. ராகவேந்திரா, மருதையன், ஒலிப்பதிவாளர் வெங்கி ஆக மூன்று பேர். இரவு ஏழு மணிக்கு மகள் மாளவிகா போய்ப் பார்த்தபோது அப்பா பின்மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் மைக் ஸ்டாண்டின் இரும்பு அடித்தட்டு. டாக்டர் கணக்குப்படி உயிர் போனது நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்.

“அவர் நாலு தடவை வாசிச்சாராம். நாலாவது முடிஞ்சப்ப மிருதங்கத் தொப்பி காஞ்சுபோச்சு, ‘போதும் மருது, நாளைக்குப் பாத்துக்கலாம்’னு ஐயாவே சொன்னாராம். ரவையச் சுரண்டி எடுத்துட்டு வரப்பு வழியா நடந்தே வந்துட்டாரு. ஆனா கம்ப்யூட்டர்ல நாலாவது வாசிப்புக்கு அஞ்சு இருபதுன்னு மணி காட்டுதாம்.”

“அதுல ஐயா குரல் இருக்கா?” என்று கேட்டாள் சபிஹா.

“இருக்குங்க. ‘ம், வாசி’ன்னு.”

தியாகராசன் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஐந்து இருபதுக்கு அவர் உயிரோடு இருந்திருக்கிறார், எதிரே மருதையன் இருந்திருக்கிறான். வெங்கியோ ஐந்து மணிக்கே தஞ்சாவூர் நாடக அரங்கில் மாளவிகாவோடு இருந்தானாம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சபிஹாவும் தியாகராசனும் திருவையாறு கிளம்பினார்கள். கிடங்கு வயலின் நடுவே இருந்தது. ஒரு பக்கம் குறுவை நாற்றங்கால். பம்ப்செட் கொட்டகை வாசலில் வயலுக்குச் சொந்தக்காரி நாகம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“கரண்ட் ஆபீஸ்லேருந்தா வர்றீங்க?” என்றாள்.

“இல்லம்மா. ஏன்?” என்றாள் சபிஹா.

“நேத்து ரெண்டு மணிக்கு ஒரு பேஸ் போச்சு. வீட்ல லைட்டு எரியுது, மோட்டார் ஓடல. நாத்து கருகுது. போன் பண்ணா வர்றேன் வர்றேங்கிறான், வந்தபாடில்ல. மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இத்தனை தடவை கூப்பிட்டதில்ல.”

“ரெண்டு மணின்னு எப்படித் தெரியும்?”

“மோட்டார் நின்னதும் அவனுக்குத்தானே முதல் போன் போட்டேன்” என்று கைபேசியைக் காட்டினாள். ஒன்று ஐம்பத்தெட்டு.

சபிஹா கிடங்கைப் பார்த்து நடந்தாள். தியாகராசன் வேலி ஓரத்தில் காலடித் தடம் தேடிக்கொண்டு பின்னால் போனார்.

உள்ளே இன்ஸ்பெக்டர், மாளவிகா, வெங்கி மூவரும் இருந்தார்கள். மாளவிகாவின் கண்கள் வீங்கியிருந்தன. மேசை மேல் ஒலித்தட்டு உறையின் மாதிரி அச்சு கிடந்தது. அதில் ராகவேந்திராவின் படம், ‘இசை’ என்ற சொல்லுக்குக் கீழே அவர் பெயர் மட்டும்.

“இது எப்ப வந்துச்சும்மா?” என்று சபிஹா அதை எடுத்துப் பார்த்தாள்.

“நேத்து மத்தியானம் கூரியர்ல வந்திருக்கணும்” என்றாள் மாளவிகா.

சபிஹா அதை அப்படியே வைத்தாள். “வெங்கி, நாலு பதிவையும் போடுங்க.”

வெங்கி முதல் கோப்பைத் திறந்தான். விரல் தன் பழக்கத்தில் ஒரு நிமிடத்தைத் தாண்டிப்போய் வாசிப்பில் நின்றது. மிருதங்கத்தின் இடப்பக்கம் அடிவயிற்றில் அதிர்ந்தது. இரண்டாவதில் அது கொஞ்சம் மெலிந்தது. மூன்றாவதில் பலகையைத் தட்டுவதுபோல் வறண்டது. நான்காவதில் மறுபடி கம்மென்று நிறைந்தது.

“தியாகண்ணே, என்ன கேட்டீங்க?”

“நாலாவதுதான் மேடம் ஜோரா இருக்கு.”

“அதுதான் தப்பு” என்றாள் சபிஹா. “மிருதங்கத்தோட இடப்பக்கத்துக்குத் தொப்பின்னு பேரு. வாசிக்கிறதுக்கு முன்னாடி ரவையத் தண்ணியில பிசைஞ்சு அதுல அப்புவாங்க. அந்த ஈரக் கனத்துலதான் அடிக்குரல் வரும். காயக் காய ஓசை மெலியும். சத்தம் கூடாதுன்னு ஃபேனை நிறுத்தின கூடத்துல, இந்த வெயில்ல, அது ஒரு கடிகாரம் மாதிரி. கடைசியா வாசிச்சப்ப காஞ்சுபோச்சுன்னு மருதையன் சொல்றாரு. இங்க கடைசிப் பதிவு ஈரமா இருக்கு.”

“திரும்ப வந்து புதுசா அப்பியிருக்கலாமே” என்றார் தியாகராசன். இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார்.

“அப்பியிருக்கலாம். அதனால ரவைய மட்டும் நம்ப மாட்டேன். வெங்கி, தாண்டிப் போனீங்களே அந்த முதல் நிமிஷம், அதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை. வெறும் அமைதி.” அவன் குரல் சீராக இருந்தது. “ஒவ்வொரு பதிவுக்கு முன்னாடியும் ஒரு நிமிஷம் யாரும் அசையாம உக்காரணும்பார் ஐயா. கூடத்தோட இரைச்சலைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா, அப்புறம் வாசிப்பிலேருந்து அதைக் கழிச்சிடலாம்.”

“அந்த நிமிஷத்துலேருந்து போடுங்க. சத்தத்தை முழுசா ஏத்தி.”

முதல் பதிவில், காற்றுக்கு அடியில், தரை வழியாக ஒரு முனகல் கேட்டது. இரண்டாவதில் அது இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நான்காவதில் மறுபடி முனகியது. அதன் மேல் ராகவேந்திராவின் குரல்: “ம், வாசி.”

மாளவிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அது நாகம்மாளோட மோட்டார்” என்றாள் சபிஹா. “மூணு பேஸும் இருந்தாத்தான் ஓடும். நேத்து ரெண்டு மணிக்கு முன்னாடி நின்னுது, இன்னும் ஓடல. அப்ப அஞ்சு இருபதுக்கு அது எப்படிக் கேக்கும்? இந்தப் பதிவு ரெண்டு மணிக்கு முன்னாடி எடுத்தது. மருதையன் வாசிச்ச வரிசையில ரெண்டாவது. கோப்புல இருக்கிற நேரம் சூரியன் சொன்னதில்ல, இந்தக் கம்ப்யூட்டரோட கடிகாரம் சொன்னது. அதை நகர்த்தி வெச்சு ஒரு கோப்பைத் திரும்பச் சேமிச்சா, அதே நேரம் ஒட்டிக்கும்.”

“கத்தரிச்சிருக்கலாமே” என்று தியாகராசன் முணுமுணுத்தார்.

“அந்த நிமிஷம் இல்லாம ஐயா எதையும் பதிவு பண்ணமாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். கத்தரிச்சாச் சந்தேகம் வரும். விட்டு வெச்சாங்க. ஆனா கேக்கல. கேட்டே பழக்கமில்ல.”

எல்லோரும் வெங்கியைப் பார்த்தார்கள். அவன் அந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு வருஷமா நாடகத்துக்கு எல்லாப் பாட்டும் வெங்கிதான் போட்டான்” என்றாள் மாளவிகா மெல்ல. “அப்பா வந்து கேப்பார், அவ்வளவுதான். இந்தத் தட்டுல அவன் பேரையும் போடறேன்னு எங்கிட்ட சொன்னார்.”

“எங்கிட்டயும் சொன்னார்” என்றான் வெங்கி. “மருது கிளம்பினதும் உறையைப் பத்திக் கேட்டேன். ‘சின்ன எழுத்துல பின்னாடி போட்டுக்கலாம்டா, இப்ப என்ன அவசரம்’னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார், மேடம். திரும்பிக்கிட்டார்.” தன் கையைப் பார்த்தான். “மருதுவை மாட்டணும்னு நினைக்கல. நான் இங்க இல்லாம இருக்கணும்னு மட்டும்தான் நினைச்சேன்.”

“இங்க மூணே பேருப்பா” என்றாள் சபிஹா.

பிற்பகலில் மருதையனை வெளியே விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் சபிஹாவோடும் தியாகராசனோடும் காத்திருந்த பூர்ணிமா ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் சத்தமில்லாமல் முகத்தைச் சுளித்தான்.

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போப்பா” என்று வாசல் மேசையிலிருந்த எழுத்தர் பதிவேட்டைத் திருப்பினார்.

மருதையன் பேனாவை இடது கையில் வாங்கினான். எழுத்துகள் குழந்தை எழுதியதுபோல் கோணலாக வந்தன. வலது கை சட்டைக்குள் இருந்தது. பூர்ணிமா சட்டையை விலக்கினாள். மூன்று விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நடுவிரல் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

“கதவுல மாட்டிக்கிட்டுது” என்றான் அவன், எழுத்தரைப் பார்த்தபடி.

தியாகராசனுக்கு அந்தக் கதவு தெரியும். முப்பது வருடத்தில் எத்தனையோ பேருடைய விரல்கள் அதில் மாட்டியிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அவர் ரோந்து போயிருந்ததாகவே ஸ்டேஷன் நாட்குறிப்பில் இருக்கும்.

சபிஹா மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் புகார் எழுத ஆரம்பித்தாள். எழுத்தர் எழுந்து உள்ளே போனார். தேதி, நேரம், எந்தக் கை, எந்த விரல் என்று மருதையனிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். அடியில் ‘சாட்சி’ என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

தியாகராசன் தாளைத் தன் பக்கம் இழுத்து, முழுப்பெயரையும் பழைய காவல் எண்ணையும் எழுதினார்.