இரண்டாய் வந்த ஏழாம் எண் துப்பாக்கி

வெரேனா லூத்தி பிளம் பழங்களின் கொட்டைகளை நீக்கிக்கொண்டிருந்த ஒரு செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை காலையில், ஹெட்விக் கிராஃப் வந்து சமையலறை வாசலில் நின்றார். தூன் ஏரியில் படகுச்சீட்டு விற்பவர் அவர்; ஐம்பது வயது. சீருடைத் தொப்பியைக் கழற்றாமலேயே ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தார். அன்றைய தபாலைக் கொடுத்த பிறகும் புறப்பட மனமின்றிக் காப்பி குடித்துக்கொண்டிருந்த தபால்காரர் ரூடி கெர்பர், அக்கணமே நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப்போட்டார்.

"தபால் கொடுத்தாச்சில்ல ரூடி? ஊர்ல மத்தவங்களுக்குக் கடுதாசி கிடையாதா?" என்றார் வெரேனா.

"இருக்கு. எல்லாம் மின்சார பில்லு. லேட்டா வந்தா யாரும் வருத்தப்பட மாட்டாங்க."

ஹெட்விக் சொன்ன செய்தி சுருக்கமானது. அவருடைய தந்தை எர்ன்ஸ்ட் கிராஃப் பூட்டுத் தொழிலாளி. சென்ற குளிர்காலத்தில் காலமானவர். நாற்பது ஆண்டுகளாக அவர் சேர்த்தவை, இராணுவம் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென ஒதுக்கிய துப்பாக்கிகள். அவற்றுள் தலையாயது, 1946இன் குளிர்காலத்தில் பன்னிரண்டே செய்யப்பட்ட ஒரு தானியங்கித் துப்பாக்கியின் ஏழாம் எண். மற்றப் பதினொன்றும் உருக்கப்பட்டதற்குப் பதிவு உண்டு. ஏழாம் எண்ணுக்கு மட்டும் இல்லை. கைவிடப்பட்ட அத்திட்டத்தின் மிச்சங்கள் ஏலம் போனபோது தாம் வாங்கியதாக எர்ன்ஸ்ட் சொல்லிவந்தார். அவர் விருப்பப்படி அந்தச் சேகரிப்பு முழுவதையும் ஹெட்விக் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர்களும் ஓர் அறைக்கு எர்ன்ஸ்ட் கிராஃப் பெயரைச் சூட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

ஆனால் பதினோரு நாள்களுக்கு முன், பழம்பொருள் வணிகர் வால்டர் ஆந்தெனன் தம்மிடமிருந்த மற்றோர் ஏழாம் எண்ணை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து நன்கொடையாகக் கொடுத்தார். இரண்டையும் ஆராய்ந்த மதிப்பீட்டாளர் டாக்டர் ரோத், ஆந்தெனனுடையதே உண்மையானது என்று முடிவுசெய்தார். அறைக்கு இனி ஆந்தெனன் பெயர். எர்ன்ஸ்ட் கிராஃப் போலி செய்தவர் என்று சேகரிப்பாளர் சங்கத்தின் இதழில் குறிப்பும் வெளிவரும்.

"அப்பாகிட்ட லேத் இருந்துச்சு," என்றார் ஹெட்விக். "அவரால செஞ்சிருக்க முடியும். அதான் என்னால தூங்க முடியல. அவர் செய்யலன்னு எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், லூத்தி அம்மா. செஞ்சாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

வெரேனா கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இருமுறை வாசித்தார். படைக்கலத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் துப்பாக்கிகளின் மரப்பாகத்தைச் சோதித்துத் தேர்ந்தவர் அவர். பணி ஓய்வுக்குப் பின் ஊரில் எது காணாமற்போனாலும், எது சந்தேகத்துக்கு இடமானாலும், மக்கள் அவரிடந்தான் வந்தார்கள். ரோத்தின் கடிதம் நேர்த்தியாகவே எழுதப்பட்டிருந்தது. 1946இல் இராணுவச் சோதனை நடந்த விதத்தை முதலில் விவரித்திருந்தார்: மூடிய கொட்டகைக்குள், மணல்மூட்டைமேல் வைத்து, ஒவ்வொரு துப்பாக்கியாலும் ஐயாயிரம் முறை சுட்டார்கள், பின்பு கம்பளித்துணி பதித்த பெட்டிகளில் வைத்து முத்திரையிட்டார்கள். அடுத்து, பழமையின் தேய்மானம் ஆந்தெனனுடைய துப்பாக்கியில்தான் தெரிகிறது என்று தமது முடிவுக்கான காரணங்களை எழுதியிருந்தார்.

அன்று மாலையே வெரேனாவும் ரூடியும் அருங்காட்சியகத்துக்குச் சென்றார்கள். பச்சைத் துணி விரித்த மேசைமேல் இரு துப்பாக்கிகளும் அருகருகே கிடந்தன. உலோகப் பாகங்களில் வேறுபாடு காண முடியவில்லை. எண்கள்கூட ஒரே அச்சில் குத்தியவைபோல் இருந்தன. மரத்தில்தான் வேறுபாடு. ஆந்தெனனுடைய துப்பாக்கியில், தோளில் பதியும் பின்கட்டையின் கீழ்விளிம்பு, எலி கொறித்ததுபோல் சிதைந்து கறுத்திருந்தது. அதன் இரும்புத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே மடித்துவைத்த சிறு காகிதம் இருந்தது: கோட்லீப் ஏபி, அவருடைய படைப்பிரிவு, ஊர். அந்த மலைநாட்டில் ஆண்கள் அனைவரும் படையில் பணிசெய்து, துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பார்கள்; தன் துப்பாக்கி தொலைந்தால் தன்னிடமே திரும்பிவர வேண்டுமென்று வீரன் ஒவ்வொருவனும் அப்படி ஒரு சீட்டை வைப்பது வழக்கம். கிராஃபின் துப்பாக்கியிலோ சீட்டு இல்லை. பின்கட்டை நேற்றுச் செய்ததுபோல் மழுமழுவென்றிருந்தது. ஆனால் அதன் முன்பகுதியில், அடிப்பக்கத்து மரம் மட்டும் பழைய கரண்டியின் குழிபோல் தேய்ந்து பளபளத்தது.

ரூடியின் முகம் வாடிவிட்டது. தம் வீட்டு அலமாரியிலுள்ள துப்பாக்கியும் ஆந்தெனனுடையதைப் போலவே கொறிபட்டிருப்பதாகவும், பனியிலும் கல்லிலும் ஊன்றி நின்ற எந்தத் துப்பாக்கியும் அப்படித்தான் இருக்குமென்றும் திரும்பும் வழியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். கிராஃபினுடையது கடைசல் பட்டறையிலிருந்து வந்த பொம்மையென்றே அவருக்குத் தோன்றியது.

"அப்படியா," என்றார் வெரேனா. "நாளைக்கு உன் மொபெட்ல போய் அந்த ஏபி எங்க இருக்காருன்னு பாரு. தபால்காரனுக்குத் தெரியாத விலாசமா? அந்தச் சோதனை நடந்த குளிர்காலத்துல எங்க இருந்தீங்க, உங்க துப்பாக்கி இப்ப எங்கன்னு கேளு. வேற எதுவும் உளறாதே."

சனிக்கிழமை பிற்பகல், துப்பாக்கி சுடும் கழகத்தின் கூடத்தில் அனைவரும் கூடினார்கள். வெளியே பயிற்சி முடித்தவர்கள் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ரோத் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இராணுவத்திலும் அவர் கேப்டன். ஆந்தெனன் மென்மையான பேச்சுக்காரர். ஹெட்விக்குக்குத் தாமே நாற்காலி இழுத்துப்போட்டார். வெரேனா இரண்டு துப்பாக்கிகளையும் தலைகீழாகப் படுக்கவைத்தார்.

"டாக்டர், சோதனை எங்க நடந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"கொட்டகைக்குள்ள. மணல்மூட்டை மேல."

"அப்போ இதைத் தூக்கிக்கிட்டு யாராவது மலை ஏறினாங்களா? பனியில ஊனி நின்னாங்களா?"

ரோத் துப்பாக்கிகளின்மேல் குனிந்தார்.

வெரேனா அவசரப்படாமல் விளக்கினார். ஐயாயிரம் முறை மணல்மூட்டைமேல் கிடந்து அதிர்ந்த துப்பாக்கிக்கு முன்பகுதியின் அடிமரந்தான் தேயும். கம்பளிப் பெட்டிக்குப் போன பின்கட்டைக்கு ஒரு கீறலும் விழாது. கிராஃபின் துப்பாக்கி அந்த வாழ்க்கையைத்தான் வாழ்ந்திருக்கிறது. மற்றதன் அடிமரம் மணலையே அறியாதது. அதன் பின்கட்டை முப்பது ஆண்டுகள் ஒரு வீரனோடு நடந்த கட்டை. சீட்டும் அப்படியே. கொட்டகையில் நாளுக்கொருவர் கைமாற்றிச் சுட்ட துப்பாக்கிக்குள் எவனும் தன் பெயரை வைக்க மாட்டான்.

"மீனைச் சந்தையில மட்டுமே பாத்த ஒரு சித்திரக்காரன் இருந்தான்," என்றார் அவர். "ஆத்துல துள்ளுற மீனை வரைஞ்சு கொடுன்னு ராஜா கேட்டாராம். அவன் தண்ணியெல்லாம் அழகா வரைஞ்சான். மீனை மட்டும் வாயைப் பொளந்து, கண்ணு மங்கிப்போய், பனிக்கட்டி மேல கிடக்குற மாதிரியே வரைஞ்சான். சபையில எல்லாரும், ஆஹா, மீனுன்னா இதுதான்னு மெச்சினாங்க. அவங்களும் சந்தையில பாத்தவங்கதானே."

ரூடி சிரிக்கத் தொடங்கி, ரோத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இந்த ஊர்ல ஆம்பளைங்க எல்லார் வீட்டு அலமாரியிலயும் ஒரு துப்பாக்கி நிக்குது. பழசுன்னா இப்படித்தான் இருக்கும்னு உங்க எல்லாருக்கும் மனசுல பதிஞ்சுபோச்சு. செஞ்சவருக்கும் அப்படித்தான், பாத்தவருக்கும் அப்படித்தான். என்னை யாரும் படைக்குக் கூப்பிடல. என் அலமாரியில ஜாம் பாட்டில்தான் இருக்கு. அதனால நான் மரத்தை மட்டும் பாத்தேன்."

பிறகு அவர் தலையசைக்க, ரூடி கதவைத் திறந்தார். கைத்தடியூன்றி ஒரு முதியவர் உள்ளே வந்தார். அவர்தான் கோட்லீப் ஏபி. சோதனை நடந்த குளிர்காலம் முழுவதும் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்ததாகவும், சோதனை என்ற பேச்சே தம் காதில் விழுந்ததில்லையென்றும் ரூடியிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது அவர் நேரே மேசைக்குச் சென்று கொறிபட்ட பின்கட்டையைத் தடவினார்.

"இது என் கட்டைதான். இந்தப் பள்ளம் எங்க வெள்ளாடு கடிச்சது. நீங்க மூணு வருசத்துக்கு முன்னாடி என்கிட்ட வாங்கினப்போ நல்லாத்தானே இருந்துச்சு, ஆந்தெனன்? ஏன்யா வேற இரும்புக்குப் பொருந்துற மாதிரி இப்படிச் செதுக்கி வச்சிருக்கீங்க?"

ஆந்தெனன் எழுந்து சன்னலருகே சென்று நின்றார். பிறகு, மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல, மெதுவாகப் பேசினார். எர்ன்ஸ்ட் உயிரோடிருந்த காலத்தில் ஏழாம் எண்ணை வைத்துப் படம் வரைந்து அளவெடுக்கத் தம்மை அனுமதித்தாரென்றும், விற்கத்தான் ஒருபோதும் இசையவில்லையென்றும், அந்த அளவுகளைக் கொண்டு தாமே இன்னொன்றைச் செய்ததாகவும் சொன்னார். முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் சேகரிப்புக்காகத் தேடித்தேடி அலைந்தவருக்கு, எங்கேனும் ஒரு கதவின்மேல் தம் பெயர் இருக்கவேண்டுமென்ற ஆசை. எர்ன்ஸ்ட் இறந்தபின் மறுத்துச் சொல்ல ஆளில்லை என்று எண்ணியிருக்கிறார்.

"இரும்பு வேலை எப்படி இருந்துச்சு, லூத்தி அம்மா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"அதுல ஒரு குறையும் இல்ல. உங்க பேரைப் போட்டே வித்திருக்கலாம்."

ஆந்தெனன் ஹெட்விக்கின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். ஹெட்விக்கோ, அந்த மன்னிப்பை இங்கே நான்கு பேர் முன்னிலையில் ஏற்க இயலாதென்றும், அப்பாவைப் பற்றிய பேச்சு ஊர் முழுக்கப் பரவியபடியால் இதுவும் ஊர் முன்னிலையில் நடக்கட்டுமென்றும் சொன்னார். டாக்டர் ரோத்தையும் அவர் அப்படியே கேட்டுக்கொண்டார்.

ஞாயிறன்று தேவாலயத் தொழுகை முடிந்ததும் அருங்காட்சியகத்தின் முன் கூட்டம் கூடியது. ரோத் படியேறி நின்று, தாம் தவறியதையும், எப்படித் தவறினார் என்பதையும், யாருக்கு அநீதி செய்தார் என்பதையும் தெளிவாக எடுத்துச் சொன்னார். அவரை அடுத்து ஆந்தெனன் பேசினார். அவரும் எதையும் விடவில்லை. கூட்டத்தில் தொப்பியணிந்திருந்த ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். கதவின்மேல் போர்த்தியிருந்த துணியை ஹெட்விக் இழுத்தார். எர்ன்ஸ்ட் கிராஃப் என்ற எழுத்துகள் வெயிலில் தெரிந்தன. அதன்பின் அவர் ஆந்தெனனிடம் சென்று கை கொடுத்தார்.

கூட்டம் கலைந்தபோது ஹெட்விக் வெரேனாவை ஒருபுறமாக அழைத்துச்சென்றார்.

"உண்மையைச் சொல்லுங்க. துப்பாக்கியைப் பாக்குறதுக்கு முன்னாடி அப்பாவை நம்பினீங்களா?"

"இல்லம்மா. அவரை எனக்குத் தெரியாதே. மரம் வேற மாதிரி சொல்லியிருந்தா, அதையும் உங்ககிட்ட வந்து சொல்லியிருப்பேன்."

இத்தனை நாளில் முதன்முறையாக ஹெட்விக்கின் முகம் மலர்ந்தது.

"அது போதும் எனக்கு," என்று சொல்லிவிட்டு, ஒன்றரை மணிப் படகுக்குச் சீட்டுக் கொடுக்கக் கரையை நோக்கி விரைந்து நடந்தார்.