ஜன்னலில் போட்ட ஒட்டு

ஜன்னல் முழுக்கக் காற்று வந்துகொண்டிருந்தது. கொசுவலையின் கீழ் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தில் மட்டும் வரவில்லை. வலைக்காரன் கையை விரித்துத் தன் வீட்டுப் படுக்கையறை வலையின் மேல் மெல்ல நகர்த்திப் பார்த்தான். வீடு வீடாகப் போய் ஜன்னல்களுக்கு வலை அடிக்கிறவன் அவன். எங்கே தூசி அடைத்திருக்கிறது, எங்கே இழை தளர்ந்திருக்கிறது என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே அவன் கை சொல்லிவிடும். மேலே குளிர்ச்சி. நடுவில் குளிர்ச்சி. போன வாரம் அவனே ஒட்டுப் போட்ட இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சல் விடுகிற குழந்தையின் நெற்றி மாதிரி.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அந்த ஜன்னலில் வெயிலே விழாது என்பதையும் கூடவே நினைத்துக்கொண்டான்.

அந்த ஒட்டைப் பற்றி மனைவியிடம் சொல்ல முடியாது. சொன்னால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஏணி தூக்கித் தூக்கி வந்த வினை அது. அடிவயிற்றின் வலப்பக்கத்தில் முதலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்துக்கொண்டு விரலால் அமுக்கினால் களுக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போகும். எழுந்து நின்று இருமினால் திரும்ப வந்து நிற்கும். பிறகு அது பெரிதாகி, எந்த மனிதருக்கும் காட்ட முடியாத இடம் வரைக்கும் இறங்கியது. குடலிறக்கம் என்று அதற்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை அவன் வாயால் சொன்னதில்லை. மனைவியின் பக்கம் திரும்பிப் படுத்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அப்புறம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டான். ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள்: “வேற யாராவது இருக்காங்களா? இருந்தா சொல்லிடுங்க.” ஆமாம் என்று பொய் சொல்வதுகூட அவனுக்குச் சுலபமாகத் தெரிந்தது. அது அவமானம்தான், ஆனால் ஆண்பிள்ளையின் அவமானம். இது அப்படி இல்லை.

வெளியூரில் பெரிய கட்டடம், ஜன்னல் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். வலை வைக்கப் போவதாகச் சொன்னபோது, தொழில் பேச்சு என்பதால் அவனுக்குக் கூச்சம் கொஞ்சம் விட்டது.

“ரெண்டு பக்கமும் இழுத்துத் தச்சா ஓட்டை மூடிடும்தானே டாக்டர்? வலை எதுக்கு?”

“முன்னாடி அப்படித்தான் தச்சாங்க. இழுத்துத் தச்சா தையல் தசையை அறுத்துக்கிட்டு மறுபடி பிச்சுக்கும். அதனால ஓட்டையைவிடப் பெரிசா வலையை வெட்டி, மேல விரிச்சு, ஓரத்துல ரெண்டு மூணு தையல் போட்டு விட்டுடுவோம். கயிறு திரிக்கிற பிளாஸ்டிக்தான், உடம்பு கரைக்காது. இழுக்கக் கூடாது. தளர்வாக் கிடக்கணும்.”

“நாங்க தளர்வா அடிச்சா அடுத்த தெருவுலகூட வேலை கிடைக்காது, டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். “உங்க ஜன்னலுக்கு உயிர் இல்லையே. இங்க ஓட்டையை அடைக்கிறது வலை இல்லீங்க, உங்க சதை. ஒவ்வொரு கண்ணு வழியாவும் வளர்ந்து வந்து தானே பிடிச்சுக்கும். வலை சும்மா அதுக்கு வழி காட்டும்.”

முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாத மாதிரி இருந்தது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் வலையைக் கடிக்கிற சத்தம் கேட்டது. உலகத்தில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சத்தம். உள்ளே வைத்துப் பார்த்து, ஓரத்தை நறுக்கி, மறுபடி வைத்தார்கள். நறுக்கிய மிச்சத்தைக் குப்பையில் போடப் போன நர்ஸிடம், வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

“எதுக்குங்க? மாட்டி வைக்கப் போறீங்களா?”

“இல்லம்மா, இழை எப்படின்னு பாக்கத்தான்.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே பஞ்சுத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் ஓரத்தில் சிவப்புக் கறை இருந்ததைப் பார்த்தான். அதைத் திரும்பச் சுருட்டுவதற்குள் மனைவி துவைக்கிற துணிக்காகப் பைக்குள் கைவிட்டாள்.

“இது என்னங்க?”

“வலைத் துண்டு. படுக்கையறை ஜன்னல்ல ஓட்டை ஓட்டைன்னு நீதானே உயிரை எடுக்கிறே.”

“அடேங்கப்பா! ஊருக்கெல்லாம் வலை அடிக்கிறவருக்கு இன்னிக்குத்தான் நம்ம வீட்டு விலாசம் கிடைச்சதா?” என்று அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் உடனே போட வேண்டியதாகிவிட்டது. பழைய வலையை இழுத்துக் கட்ட அவனால் முடியவில்லை. சட்டைக்குள் தையல் சுருக்கென்றது. இழுக்காமல், ஓட்டையைவிடப் பெரிதாக, தளர்வாக விரித்து, ஓரத்தில் நைலான் நூலால் சில தையல் மட்டும் போட்டான். போட்டு முடித்த பிறகுதான் அது யாருடைய வேலைமுறை என்று உறைத்தது.

இப்போது அந்த ஒட்டு சூடாக இருந்தது.

அன்று விளக்கு வைத்த பிறகு, ஹாலில் படுத்திருந்தவனுக்கு அடிவயிற்றில், தழும்புக்கு நேராக, ஒரு விரல் பட்டது. திடுக்கிட்டுக் கை வைத்துப் பார்த்தான். யாரும் இல்லை. மேலிருந்து கீழாக மெதுவாக ஒரு தடவல். அப்புறம் ஒரு முழு உள்ளங்கையின் கனம். படுக்கையறையிலிருந்து அவள் குரல் வந்தது.

“என்னங்க, இந்த ஒட்டு ரப்பரா? தொட்டா என்னமோ மாதிரி இருக்கு.”

“தொடாதே.”

“ஏன், கரைஞ்சுடுமா? கை வச்சா இதமா இருக்குங்க.”

அவள் கையை எடுக்கவில்லை. அவனும் மறுபடி சொல்லவில்லை. எத்தனையோ மாதம் கழித்து அவள் கை அவன் மேல் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் இருந்தது. திருட்டு மாதிரித்தான் இருந்தது அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, அந்தக் கனம் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கிடந்தான்.

பிறகு தினமும் அவள் கை வைத்தாள். ஒட்டு தன் ஓரத்தைத் தாண்டிப் பழைய வலைக்குள் இறங்கியது. காலையில் அவள் சமையல்கட்டில் இருக்கும்போது போய்ப் பார்ப்பான். வலையின் கண்கள் ஒவ்வொன்றாக வெளிறிய எதனாலோ நிறைந்துகொண்டிருந்தன. விளக்கைப் பின்னால் பிடித்தால் நூல் மாதிரி நீல நரம்பு ஓடியது. ஒருநாள் வலை வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்து அழுத்தினான். அடிவயிறு தீப்பிடித்தது. குனிந்து பார்த்தால் சட்டையில் ரத்தம். கத்தியை உள்ளே வைத்துவிட்டு, முதல் வேலையாகச் சட்டையை ஒளித்துத் துவைத்தான்.

மறுபடி பார்க்க வரச் சொல்லியிருந்த நாளில் டாக்டர் தழும்பை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். “பிரமாதமாப் பிடிச்சிருக்கு. இனிமே நானே நினைச்சாலும் வலை வேற, சதை வேறன்னு பிரிக்க முடியாது. வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?”

வாய் வரைக்கும் வந்தது. “இல்லை டாக்டர்,” என்றான்.

அந்த வாரம் மனைவி அவன் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். ரேகைகளுக்கு மேலே, பொடிப்பொடிக் கட்டங்களாக, கண் கண்ணாக ஒரு பதிவு.

“தேய்ச்சாலும் போகலைங்க. அரிக்கவும் இல்லை. என்னவா இருக்கும்?”

அது என்ன என்று அவனுக்குத் தெரிந்தது. இனி அந்த ஜன்னல் பக்கம் போகாதே என்ற ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பாள். எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். காட்டு என்பாள். அவன் அவள் கையைத் தொடாமல் எட்டியே நின்று பார்த்தான்.

“சோப்பை மாத்திப் பாரு,” என்றான்.

மறுநாள் பொழுது சாய்ந்து அவன் வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. கதவைத் திறந்ததும் மருந்துத் துணியின் வாடை அடித்தது. அதற்கடியில் இரும்பை நக்கினாற்போன்ற ஈர வாடை. தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஆனால் சத்தம் படுக்கையறைக்குள் வரும்போது கம்பளியில் சுற்றியது மாதிரி மங்கியது. அந்த அறையில் இருட்டு கூடுதலாக இருந்தது. ஜன்னலிலிருந்து வர வேண்டிய மிச்ச வெளிச்சம் வரவில்லை.

விளக்கைப் போட்டான்.

ஜன்னல் இல்லை. அலுமினியச் சட்டத்துக்குள் விளிம்பிலிருந்து விளிம்பு வரை தோல். பூனைமயிர் முளைத்த தோல். லேசாக உப்பியது. தாழ்ந்தது. அவன் மூச்சு விடும்போதெல்லாம்.

மனைவி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் வலது கை மணிக்கட்டு வரை அதற்குள் இருந்தது.

“வந்துட்டீங்களா? கையை எடுக்க முடியலைங்க. வலிக்கலை. ஆனா பயமா இருக்கு. இது என்னங்க? உங்களுக்குத் தெரியுமா?”

தன் வயிற்றுக்குள்ளே அவள் விரல்கள் அசைவது அவனுக்குத் தெரிந்தது. கத்தியை எடுத்தான். விளிம்பில் வைத்தான். இழுத்தான். கண் இருண்டது. சட்டை நனைந்தது. இன்னும் ஒரு சாண் இழுத்திருந்தால் போதும். ஆனால் அவள் பார்வை அவன் சட்டைக்கு, அந்த இடத்துக்கு, இறங்கிக்கொண்டிருந்தது. கத்தியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அங்கே மறைத்துக்கொண்டான்.

“என்னங்க அது? ஏன் ரத்தம்? சொல்லுங்களேன். தெரியுமா?”

“தெரியாது.”

அவள் அவனையே பார்த்தாள். பயம் அவள் முகத்திலிருந்து மெல்ல வடிந்து போனது. அதற்குப் பதிலாக வந்ததை அவனால் பார்க்க முடியவில்லை.

“நான் கை வச்சப்பல்லாம் ஹால்ல நீங்க மூச்சை அடக்கிக்கிறது கேக்கும். நீங்கதான்னு எனக்குத் தெரியும். என்னன்னு தெரியாது, நீங்கன்னு தெரியும். அதான் தினம் வச்சேன். இப்பவாவது சொல்லுங்க.”

அவன் தரையைப் பார்த்தான்.

அவள் கையை இழுப்பதை நிறுத்தினாள். நெற்றியைத் தோலில் சாய்த்தாள், களைத்தவள் கதவில் சாய்வது மாதிரி.

முழங்கை போனது.

தோள்.

“விடு! வந்துடு!” என்று அவன் கத்தினான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்கத் தன் வயிறே கிழிந்தது. விட்டான்.

விட்டுவிட்டான்.

கூந்தல் கடைசியாகப் போனது. சத்தமில்லாமல்.

அறை அமைதியாக இருந்தது. தோல் உப்பியது. தாழ்ந்தது. இப்போது அவன் மூச்சோடு இல்லை. அவன் மூச்சுக்கும் இன்னொரு மூச்சுக்கும் நடுவில் எங்கோ.

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அந்த அறையின் வெளிச்சத்தில், முதல் முறையாக, சட்டையைத் தூக்கினான்.

தழும்புக்குக் கீழே தோல் எழும்பியது. ஓரிடத்தில். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில். ஐந்து முனைகள், உள்ளிருந்து, நகத்தின் வடிவம் தெரியுமளவுக்கு.

அவை விரிந்தன.

மடங்கின.

பிடித்துக்கொண்டன.